ரேடியேஷனுக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம்: திரவத்தைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டுமா?

வரப்போரம் (இழையைத் தொடங்கியவர்)

நோயாளிக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். 35 அமர்வு ரேடியேஷன், மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சின் அளவு), கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. முடிந்து மூன்று மாதம் ஆகிறது, வாய்ப்புண் ஆறிவிட்டது. பெக் குழாய் (வயிற்றுத் தோல் வழியாக நேரே இரைப்பைக்குள் போடும் உணவுக் குழாய்) இருக்கிறது, தேவையில் முக்கால் பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. தண்ணீர் குடித்தால் இருமல். கூழாக அரைத்துக் கொடுத்தால் இருமல் இல்லை, ஆனால் தொண்டையிலேயே நிற்கிறது என்கிறார். நாலைந்து தடவை விழுங்கியும் இறங்குவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் குரல் களகளவென்று ஈரமாகிவிடுகிறது. ஒரு மாதத்தில் எடை 62 கிலோவிலிருந்து 60.

டிஸ்சார்ஜ் தாளில் "எல்லாத் திரவங்களையும் கெட்டிப்படுத்திக் கொடுக்கவும்" என்று ஒரே வரி. விழுங்கும் வீடியோ சோதனை இன்னும் எடுக்கவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும். திரவத்தைக் கெட்டியாக்கும் பொடி சரியா? எந்தப் பயிற்சி, எத்தனை தடவை? குழாயை எப்போது எடுப்பது?

---

மிடறு (விழுங்கல், பேச்சு சிகிச்சை)

அந்த ஒரு வரியைச் சோதனை முடியும் வரை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சைக் குழுவிடம் பேசி, முதலில் சோதனைக்கு நாள் வாங்குங்கள்.

கெட்டியாக்கும் பழக்கம் பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளைப் பார்த்து வந்தது. அவர்களில் பலருக்கு விழுங்கும் அனிச்சை தாமதமாகத் தொடங்கும். அதற்குள் தண்ணீர் வழிந்து காற்றுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியாக்கினால் ஓட்டம் மெதுவாகும், நேரம் கிடைக்கும். ரேடியேஷன் வாங்கிய தொண்டையில் கோளாறு வேறு. நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய்த் தொண்டைச் சுவரைத் தொட வேண்டும், தொடுவதில்லை. குரல்வளை மேலும் முன்னும் எழ வேண்டும், பாதி தூரம்தான் எழுகிறது. குரல்வளை மூடி வீங்கி விறைத்திருப்பதால் முழுதாகக் கவிழ்வதில்லை. குரல்வளை எழுந்தால்தான் உணவுக்குழாயின் மேல் வாசல் இழுபட்டுத் திறக்கும், அதுவும் அரைகுறை. ஆகத் தள்ளுகிற சக்தியும் குறைவு, வாசலும் குறுகல். இந்த நிலையில் கெட்டியான பொருளைக் கொடுத்தால் அது நாக்கு அடிப்பள்ளத்திலும் குரல்வளையின் இரு பக்கக் குழிகளிலும் தேங்கும். விழுங்கி முடித்து மூச்சு திறந்த பிறகு அந்தத் தேக்கம் வழிந்து உள்ளே இறங்கும். நீங்கள் சொல்லும் ஈரக்குரல் பெரும்பாலும் இதன் அடையாளம்தான்.

சோதனை இரண்டு வகை. பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பது இன்னொன்று. வாசல் திறப்பையும் புரையேறும் அந்த நொடியையும் பார்க்க வீடியோ எக்ஸ்ரே நல்லது. எச்சில் தேக்கம், வீக்கம், குரல்நாண் அசைவுக்குக் கேமரா நல்லது. எதை எடுத்தாலும் அறிக்கையில் "புரையேறுகிறது" என்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான். விழுங்கும் முன்பா, விழுங்கும்போதா, பிறகா? இருமல் வந்ததா? எந்தப் பதம் நன்றாக இறங்கியது? தலையை எப்படி வைத்தபோது தேக்கம் குறைந்தது? இந்தக் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உத்திகளை அதே அமர்வில், எக்ஸ்ரேயின் கீழேயே முயன்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் வந்து "தாடையைத் தாழ்த்திப் பார்ப்போம்" என்று ஊகிப்பது ஆபத்து. தாடை தாழ்த்தினால் சிலருக்குப் பாதுகாப்பு. பக்கக் குழியில் தேக்கம் உள்ளவருக்கு அதுவே கவிழ்த்து ஊற்றுவதாகிவிடும்.

---

சாய்மானம்

கெட்டியாகக் கொடுக்கும்போது இருமலே இல்லை என்கிறாரே. இருமல் இல்லையென்றால் உள்ளே போகவில்லை என்றுதானே அர்த்தம்?

---

மிடறு

இல்லை. ரேடியேஷன் தொண்டையின் உணர்வையும் மழுக்கிவிடும். காற்றுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமலே வராத புரையேற்றம் இந்த நோயாளிகளிடம் சகஜம். இருமல் வந்தால் ஏதோ நடக்கிறது என்று தெரியும். வராவிட்டால் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக இவற்றைக் கவனியுங்கள்: சாப்பாட்டுக்குப் பின் ஈரக்குரல், காரணம் தெரியாமல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சளி கூடுவது, ஒரு வேளைச் சாப்பாடு அரை மணியைத் தாண்டி இழுப்பது, எடை இறங்குவது. சாப்பிட்ட பிறகு "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னால் ஈரம் கேட்டுவிடும். ஈரமாக இருந்தால் வேண்டுமென்றே இருமி, மறுபடி விழுங்கி, மறுபடி "ஆ".

---

கரண்டிக்கணக்கு (டயட்டீஷியன்)

எடையை முதலில் பிடிப்போம். ஒரு மாதத்தில் 62-ல் 2 கிலோ என்றால் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு மாதத்தில் 5 சதவீதம், அதாவது இவருக்கு 3.1 கிலோ, இறங்கினால் அது கடுமையான இழப்பு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே குழாய் உணவைக் கூட்டலாம். கிலோவுக்கு 30 கிலோகலோரி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1800. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 72 முதல் 90 கிராம். நீர் கிலோவுக்கு 30 மி.லி. வீதம் 1.8 லிட்டர், குழாய் உணவில் உள்ள நீரும், குழாய் கழுவும் நீரும் இதில் சேர்த்தி.

வாய் வழியாகக் குறைவாகத்தான் போகும் என்பதால் போகிற ஒவ்வொரு கரண்டியிலும் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கிலோகலோரி. 30 கிராம் ஆடை நீக்கிய பால்பொடியில் 10 கிராம் புரதம். அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றி அரையுங்கள். தண்ணீர் ஊற்றி இளக்குவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. அளவு கூடுகிறது, சத்து அப்படியே நிற்கிறது, நோயாளி பாதியிலேயே களைத்துவிடுகிறார்.

சோதனைக்குப் பிறகு ஏதாவது ஒரு பதம் சொல்வார்கள். அதை "கொஞ்சம் கெட்டி", "ரொம்பக் கெட்டி" என்று வாய்வார்த்தையாக வாங்க வேண்டாம். ஐடிடிஎஸ்ஐ (உணவு, திரவப் பதத்துக்கான சர்வதேச அளவுமுறை) நிலை எண் கேளுங்கள். 0 முதல் 4 வரை திரவம், 3 முதல் 7 வரை உணவு. வீட்டிலேயே சரிபார்க்க ஒரு 10 மி.லி. சிரிஞ்ச் போதும். ஆனால் 0 கோட்டிலிருந்து 10 மி.லி. கோடு வரை நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வேறு நீளமுள்ள சிரிஞ்சில் முடிவு மாறிவிடும். பிஸ்டனைக் கழற்றுங்கள், முனையை விரலால் அடையுங்கள், 10 மி.லி. வரை ஊற்றுங்கள், விரலை எடுத்து 10 விநாடி விடுங்கள், மறுபடி அடையுங்கள். மீதி 1 மி.லி.க்குக் கீழே என்றால் நிலை 0. ஒன்றிலிருந்து 4 வரை மீதியிருந்தால் நிலை 1. நாலிலிருந்து 8 வரை நிலை 2. எட்டுக்கு மேல் நின்று, கொஞ்சமாவது சொட்டியிருந்தால் நிலை 3. ஒன்றுமே இறங்காவிட்டால் நிலை 4. அதற்கு சிரிஞ்ச் உதவாது, கரண்டியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். லேசாகத் தட்டினால் மொத்தமாக விழ வேண்டும், கரண்டியில் பசைபோல் ஒட்டக் கூடாது. கொடுக்கப்போகும் சூட்டிலேயே சோதியுங்கள். ஆறினால் பதம் மாறும்.

பொடியிலும் இரண்டு சாதி. மாவுச்சத்துப் பொடி நேரம் ஆக ஆக இன்னும் கெட்டியாகும், எச்சில் பட்டால் இளகும். சாந்தன் கம் பொடி ஒரு பதத்தில் நிற்கும். ஆனால் பாலில் போட்டால் கெட்டியாகக் கூடுதல் நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி போட்டால் கொஞ்ச நேரத்தில் களி மாதிரி நிற்கும். எந்தப் பொடியானாலும், கெட்டித் தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை. மொத்த நீர் குறையும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். பொடி கொடுக்கும் வீட்டில் தினமும் எத்தனை மி.லி. உள்ளே போனது என்று எழுதிவைப்பது கட்டாயம்.

---

வரப்போரம்

சிரிஞ்ச் சோதனை தெளிவாக இருக்கிறது, நன்றி. உணவுப் பதத்துக்கும் இப்படி அளவு உண்டா?

---

கரண்டிக்கணக்கு

நிலை 5-ல் பெரியவர்களுக்குத் துண்டின் அகலம் 4 மி.மீ.க்குள். சாதாரண முள்கரண்டியின் பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நிலை 6-ல் துண்டு 1.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முள்கரண்டியால் அழுத்தும்போது கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தத்திலேயே நசுங்க வேண்டும், கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது.

எண்ணைவிட முக்கியம் ஈரம். எச்சில் இல்லாத வாயில் ரொட்டி மாவுருண்டையாகிவிடும். பொடியாக உதிர்வது, ஒட்டுவது, நார், தோல் எல்லாம் ஆகாது. நீர்த்த சூப்பில் துண்டுகள் மிதப்பது போன்ற கலப்புப் பதம்தான் மிக மோசம். துண்டை மெல்லும்போதே நீர் ஓடிவிடும். குழம்பாகவோ தயிராகவோ ஏதாவது ஒன்றில் பிசைந்து, ஒரு வாய்க்கு ஒரு தேக்கரண்டி. அனுமதி இருந்தால் ஒரு வாய் உணவு, ஒரு மிடறு தண்ணீர், மறுபடி உணவு என்று மாற்றி மாற்றி. தேங்கியதைத் தண்ணீர் கழுவி இறக்கும்.

---

மிடறு

கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாசல் குறுகிய தொண்டையில் பல சமயம் நீர்த்த திரவமே நன்றாக இறங்கும். மூச்சடைத்து விழுங்கும் உத்தி ஒன்று உண்டு: மூச்சை இழுத்து அடக்கு, சின்ன மிடறு வாயில் வை, மூச்சை அடக்கியபடியே விழுங்கு, மூச்சிழுக்காமல் உடனே இருமு, மறுபடி விழுங்கு, பிறகு மூச்சு விடு. சோதனையில் இது பலித்தால் பொடியே வேண்டாம் என்றாகலாம். இதிலேயே மூச்சை முக்கி அடக்கும் கடுமையான வகையும் உண்டு. இதயத்துடிப்புக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் சொல்லித்தர வேண்டாம்.

இனிப் பயிற்சி. ஒரே தாளில் பத்துப் பயிற்சியை அச்சடித்துக் கொடுத்தால் யாரும் செய்வதில்லை. சோதனையில் எது கெட்டிருக்கிறதோ அதற்கு மூன்று போதும்.

நாக்கு அடி பலவீனம் என்றால் அழுத்தி விழுங்குதல்: நாக்கை மேலண்ணத்தில் முழு பலத்தோடு அழுத்தி, தொண்டைத் தசையெல்லாம் இறுக்கி, பெரிய மாத்திரையை விழுங்குவதுபோல் விழுங்க வேண்டும். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் மெல்லப் பிடித்துக்கொண்டு விழுங்குவது இன்னொன்று. இது எச்சிலோடு மட்டும். உணவோ தண்ணீரோ வாயில் இருக்கும்போது செய்யவே கூடாது, காற்றுவழி மூடுவதை இந்தப் பயிற்சியே தாமதப்படுத்தும்.

குரல்வளை எழாவிட்டால், எழுந்த இடத்தில் பிடித்து நிறுத்தும் பயிற்சி. தொண்டை மேட்டில் விரல் வைத்து விழுங்கச் சொல்லுங்கள். அது மேலே ஏறும் உச்சத்தில் தசையை இறுக்கி 2, 3 விநாடி அங்கேயே நிறுத்தி, பிறகு விட வேண்டும். சொல்ல எளிது, பிடிபட நாளாகும். கேமராத் திரையில் தன் தொண்டையையே பார்த்தால் சீக்கிரம் வரும்.

வாசல் திறப்புக்குத் தலை தூக்கும் பயிற்சி: தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோள் எழாமல், கால் விரல் தெரியும் வரை தலையை மட்டும் தூக்கி 60 விநாடி, 60 விநாடி ஓய்வு, இப்படி மூன்று முறை. பிறகு நிறுத்தாமல் 30 தடவை தூக்கி இறக்குவது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். ரேடியேஷன் வாங்கிய கழுத்துக்கு முதல் நாளே 60 விநாடி முடியாது, 10, 15 விநாடியில் தொடங்கலாம். கழுத்தில் அறுவை ஆனவர், கழுத்தெலும்பு தேய்மானம் உள்ளவர் என்றால் இதை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடி தாடைக்குக் கீழே சிறிய ரப்பர் பந்தை வைத்து அமுக்கும் பயிற்சி. 10 விநாடி பிடிப்பு, பிறகு தொடர் அமுக்கல்.

ஒரு சிக்கல்: வாய் உலர்ந்திருந்தால் வரிசையாகப் பத்து முறை விழுங்கவே முடியாது. ஒவ்வொரு தடவைக்கும் முன் நாக்கில் தண்ணீர் ஸ்பிரே, அல்லது வாயைக் கொப்பளித்து நனைத்துக்கொள்வது. பத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்தாலும் குற்றமில்லை.

பயிற்சியும் செய்யாமல் வாயிலும் ஒன்றும் போடாமல் இருப்பவரைவிட, பாதுகாப்பான பதத்தில் தினமும் கொஞ்சமாவது சாப்பிடுபவர் நன்றாகத் தேறுவார். இரண்டும் செய்பவர் இன்னும் நன்றாக. விழுங்குவதுதான் விழுங்கும் தசைக்கு முதல் பயிற்சி.

---

கிரேகணக்கு (கதிர்வீச்சுப் பிரிவு)

சிகிச்சை இன்னும் தொடங்காதவர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம். தொண்டைச் சுருக்குத் தசைகளுக்குப் போகும் சராசரி டோஸ் கூடக் கூட விழுங்கும் சிரமமும் கூடும். 50 கிரேக்குக் கீழே வைக்க முயல்வது பொதுவான இலக்கு. கட்டி அந்தத் தசையிலேயே இருந்தால் முடியாது, அப்போது கட்டிக்குத்தான் முன்னுரிமை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2023-ல் வெளியான டார்ஸ் ஆய்வில், இந்தத் தசைகளைக் காக்கும்படி திட்டமிட்ட ரேடியேஷன் வாங்கியவர்கள் ஓராண்டுக்குப் பிறகு விழுங்குவதில் தங்கள் நிலை மேல் என்று மதிப்பிட்டார்கள். "தொண்டைத் தசைகளையும் எல்லை வரைந்து திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்களா" என்று கேட்பதில் தப்பே இல்லை. விழுங்கல் பயிற்சியையும் முதல் அமர்வுக்கு முன்பே தொடங்குங்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் புண் வந்த பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

புண் இருக்கும் காலத்தில் வலிமருந்தைச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் அரை மணி முன்னால் கொடுத்தால்தான் பலன். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஜெல்லைத் தொண்டை வரை விழுங்கிவிட்டு உடனே சாப்பிடுவது வேண்டாம். இருக்கிற உணர்வும் போய்ப் புரையேறும்.

---

கடைவாய் (பல் மருத்துவம்)

எல்லோரும் தொண்டையையே பேசுகிறீர்கள், வாய் எவ்வளவு திறக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேல் கீழ் முன்பற்களின் நுனிகளுக்கிடையே 35 மி.மீ.க்குக் கீழே வந்தால் வாய் இறுக்கம் என்று கணக்கு. வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். கரண்டி நுழையாமல் போகும் வரை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது தழும்பு இறுகிப்போயிருக்கும்.

கருவியில்லாமல் செய்ய, மருத்துவர்கள் நாக்கை அழுத்தப் பயன்படுத்தும் மரத்தகடுகளை அடுக்கிக் கடைவாய்ப் பக்கம் வைத்து, நடுவில் ஒவ்வொன்றாகச் செருகுவது. இழுபட வேண்டும், வலிக்கும் அளவு வேண்டாம். 30 விநாடி பிடிப்பு, 5 முறை, நாளுக்கு 5 வேளை. தாடை விரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் 7 முறை, 7 விநாடி, 7 வேளை என்று செய்வார்கள். எந்தக் கணக்கும் சரிதான், விடாமல் செய்தால். திடீரென்று தாடையில் புது வலி, ஈறில் எலும்பு தெரிவது, பல் ஆட்டம் என்றால் விரிப்பதை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க வேண்டும், எலும்புச் சிதைவாக இருக்கலாம். அதே காரணத்தால், ரேடியேஷன் வாங்கிய தாடையில் யாரிடமும் போய்ச் சட்டென்று பல் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ரேடியேஷன் விவரத்தை முதலில் சொல்லுங்கள்.

உலர்ந்த வாய்க்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, நாளுக்குப் பல முறை கொப்பளித்துத் துப்புவது. தினமும் புதிதாகக் கரையுங்கள். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் கூடாது. 5000 பிபிஎம் ஃப்ளூரைடு பேஸ்ட் ஆயுளுக்கும். நாக்கில் வெள்ளைப் படலமும் எரிச்சலும் வந்தால் பூஞ்சை. அது தொண்டைக்குள் இறங்கினால் விழுங்கும் வலி திடீரென்று கூடும். "விழுங்க முடியாமல் போய்விட்டது, பயிற்சி பலிக்கவில்லை" என்று வருபவர்களில் சிலருக்கு வேண்டியது பூஞ்சை மருந்து மட்டும்தான்.

---

மிடறு

சுத்தமான வாய் நுரையீரலையும் காக்கும். புரையேறும் எல்லோருக்கும் நிமோனியா வருவதில்லை. அழுக்கு வாயிலிருந்து கிருமி சேர்ந்து இறங்குபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குழாய் வழியாக மட்டும் சாப்பிடுபவருக்கும் இரண்டு வேளை பல் துலக்க வேண்டும். "வாயில் ஒன்றும் போகவில்லையே, எதற்குத் துலக்குவது" என்று விட்டுவிடுகிறார்கள்.

சில இடங்களில் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து, வாயை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, வெறும் தண்ணீரைச் சின்ன மிடறுகளாகக் குடிக்க அனுமதிப்பார்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் சுத்தத் தண்ணீரை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும் என்பது கணக்கு. இருமும் பலம் இருப்பவர், நடமாடுபவர், நுரையீரல் நன்றாக இருப்பவர் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

---

குழாயடி (நர்ஸ்)

பெக் பற்றி. ஊற்றும்போது தலைப்பக்கம் குறைந்தது 30 முதல் 45 பாகை உயரம், ஊற்றி முடித்து அரை மணி முதல் ஒரு மணி வரை படுக்கக் கூடாது. ஒவ்வொரு உணவுக்கும் முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். மருந்தை உணவில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு மருந்தும் தனியாக, நடுவில் தண்ணீர். குழாய் அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சரியாகப் பொடிக்காத மாத்திரைதான்.

அடைத்தால் பெரிய சிரிஞ்சில், 50 மி.லி. அல்லது அதற்கு மேல், வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெல்லத் தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து, குழாயை விரலால் உருட்டிக்கொடுக்க வேண்டும். சின்ன சிரிஞ்சால் அமுக்கினால் அழுத்தம் எகிறிக் குழாய் வெடிக்கும். கோலா ஊற்றாதீர்கள், அதன் அமிலத்தில் பால்புரதம் திரிந்து அடைப்பு இன்னும் இறுகும்.

குழாய் தானாக வெளியே வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், உடனே ஆஸ்பத்திரி. குழாய் போட்டு முதல் சில வாரம் என்றால் வீட்டில் யாரும் திரும்பச் செருகவே கூடாது. பாதை இறுகியிருக்காது, வயிற்றுச் சவ்வுக்குள் போய்விடும்.

எப்போது எடுப்பது: வாய் வழியாக முக்கால் பங்குக்கு மேல் போய், குழாயில் ஒன்றும் ஊற்றாமலேயே எடை இரண்டு மூன்று வாரம் நிலையாக நின்றால் பேச்சை எடுக்கலாம். இவருக்கு இப்போது கணக்கு தலைகீழாக இருக்கிறது. இரவில் பம்ப் மூலம் மெதுவாக ஊற்றிப் பகலில் பசியை விட்டுவைத்தால் வாய் உணவு கூடும். பகல் முழுக்க ஊற்றிக்கொண்டே "சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்று சொன்னால் அவர் எப்படிச் சாப்பிடுவார்?

---

சாய்மானம்

வாயில் ஒன்றும் கொடுக்காமல் தொண்டைக்கு ஓய்வு கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்று சொல்கிறார்களே?

---

உள்நோக்கி (காது மூக்கு தொண்டை)

ஓய்வு கொடுத்த தொண்டை ஒட்டிக்கொள்ளும். புண்ணான இரு சுவர்கள், நடுவே எதுவும் போகாமல் வாரக்கணக்கில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் தழும்பு பிடித்து வாசல் சுருங்கும். சிலருக்கு முழுதாகவே மூடிவிடும். ஆகவே பாதுகாப்பு என்று சொல்லப்பட்டால் எச்சிலாவது, தண்ணீராவது விடாமல் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சுருக்கத்தின் அடையாளம்: திரவம் போகிறது, கெட்டி நிற்கிறது, எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது, சில சமயம் திரும்ப வாய்க்கே வருகிறது. தொடங்கியவரின் விவரத்தில் இதன் சாயல் இருக்கிறது, வீடியோவில் மேல் வாசலைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். சுருக்கம் இருந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் திறக்காது, விரிக்கத்தான் வேண்டும். பலூன் அல்லது படிப்படியாகப் பருமன் கூடும் குழாய்களை விட்டு விரிப்பார்கள். ஒரே நாளில் முழு அகலத்துக்குப் போவதில்லை. எதிர்ப்பு உணரப்பட்ட பிறகு அந்த அமர்வில் சில மி.மீ. மட்டும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி. பலருக்குப் பல முறை தேவைப்படும், விட்டால் திரும்பச் சுருங்கும். விரித்த அன்று கழுத்திலோ நெஞ்சிலோ கடும் வலி, காய்ச்சல், கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற காற்று என்றால் ஓட்டை விழுந்திருக்கலாம். காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

மூன்றாம் மாதத்தில் இன்னொன்று: தாடைக்குக் கீழே தொங்கும் வீக்கம், காலையில் அதிகம், மாலையில் குறைவு. நிணநீர்த் தேக்கம். வெளியே தெரிவது உள்ளேயும், குரல்வளையைச் சுற்றியும் இருக்கும், விழுங்குவதைக் கெடுக்கும். தலையை உயர்த்திப் படுப்பதும், பயிற்சி பெற்றவர் கற்றுத்தரும் மென் நீவலும் உதவும். அழுத்தித் தேய்ப்பது மசாஜ், அது வேறு.

---

வரப்போரம்

ஐந்தாறு வருடம் நன்றாகச் சாப்பிட்டவர்களுக்குத் திடீரென்று கெடுவதும் இதே காரணமா?

---

உள்நோக்கி

அது தனி விஷயம். ஐந்து வருடத்துக்குப் பிறகும் தழும்பு இறுகிக்கொண்டே போகலாம், நாக்கையும் தொண்டையையும் இயக்கும் மூளை நரம்புகள் மெல்லச் செயலிழக்கலாம். நாக்கை நீட்டச் சொன்னால் ஒரு பக்கம் சாயும், சுருங்கியிருக்கும், புழு நெளிவதுபோல் துடிக்கும். பேச்சு குழறும், குரல் மெலியும். ஆனால் முதலில் புற்றுநோய் திரும்பவில்லை என்று உறுதி செய்ய வேண்டும், பிறகுதான் "பழைய ரேடியேஷன்" என்ற முடிவு. தைராய்டையும் பாருங்கள், கழுத்து ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் (தைராய்டு இரத்தப் பரிசோதனை) வேண்டும். நரம்பு போனவருக்குத் தசைப்பயிற்சியால் பெரிதாகத் திரும்பாது.

---

மிடறு

அவர்களுக்கும் ஒன்று செய்யலாம். மூச்சு வெளிவிடும் தசையை வலுவாக்கினால் இருமும் பலம் கூடும், உள்ளே போனதை வெளியே தள்ள முடியும். ஸ்பிரிங் வால்வுள்ள கருவியில் வேகமாக ஊதுவது: 5 ஊதல் ஒரு சுற்று, நாளுக்கு 5 சுற்று, வாரத்தில் 5 நாள். வால்வை அவரவர் அதிகபட்ச ஊதல் அழுத்தத்தில் முக்கால் பங்குக்கு வைக்க வேண்டும், வாராவாரம் கூட்ட வேண்டும். கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்களுக்கு வேண்டாம்.

---

வரப்போரம்

வீடியோ சோதனைக்கு நாள் கேட்டிருக்கிறேன், மேல் வாசலைப் பார்க்கும்படி எழுதியும் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக ஒன்று: இவர் வாய் வழியாக எடுக்கும் மாத்திரைகள் தொண்டையில் ஒட்டிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் பொடிக்கலாமா?

---

குழாயடி

எல்லாவற்றையும் கூடாது. மெதுவாகக் கரையும் வகையும், குடலில் கரையும் பூச்சு உள்ளதும் பொடித்தால் ஒன்று மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும், இல்லை வயிற்று அமிலத்தில் வீணாகும். மாத்திரைப் பட்டியலை மருந்தாளுநரிடம் கொடுத்து எதற்குத் திரவ வடிவம் உண்டு என்று குறித்து வாங்குங்கள். முழுதாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், வாய் வழியாக அந்தப் பதம் பாதுகாப்பு என்று சோதனை சொன்ன பிறகு, ஒரு கரண்டி தயிரில் புதைத்துக் கொடுங்கள். டாக்சிசைக்ளின், பொட்டாசியம், எலும்புக்குத் தரும் அலென்ட்ரோனேட் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பட்டியலில் இருந்தாலும் இன்றே மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள். ஒட்டிய இடத்தில் புண்ணாக்கிவிடும். குழாய் வழியாகக் கொடுக்க முடிந்ததைச் சோதனை முடியும் வரை குழாயிலேயே கொடுங்கள்.